பூச்சூடாத மாடுகள்

விளக்கின் திரியைத் தூண்டி மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் யோஸ்ட் அதைப் பார்த்தார். விடுதிக் கூடத்துச் சுவரில் தொங்கும் பெரிய ஓவியத்தில், மந்தைக்கு முன்னால் நடந்து வரும் கறுப்புப் பசுவின் தலையில் பூ இல்லை. நேற்று வரை இருந்தது. ஊசியிலைக் கொத்தும் சிவப்புக் காகிதப் பூவும் நடுவில் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கட்டிய கிரீடம். அந்தக் கண்ணாடியில் விழுந்த வெயிலைக்கூட ஓவியன் விட்டுவைக்காமல் வரைந்திருந்தான். இப்போது இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் வெறும் நெற்றி இருந்தது. அதன் மயிர் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

கூடத்தில் புகையிலை வாடையும் சிந்திய பியரின் புளிச்ச வாடையும் எப்போதும் இருப்பவைதான். அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. மழையில் நனைந்த மாட்டின் வாடை. தொழுவம் விடுதிக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கிறது, அதுவும் இந்த மாதத்தில் காலியாக இருக்கிறது.

"வெரேனா, இங்க வா. இந்தப் பூவ யார் அழிச்சது?"

அவர் மனைவி கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். "எந்தப் பூவ?"

"முன்மாட்டுத் தலையில இருந்தத."

"அதான் குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருக்கே. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கன்னா வயசாயிடுச்சுன்னு ஒத்துக்க மாட்டேங்கிறீங்க." அவள் திரும்பிப் போய்விட்டாள்.

யோஸ்ட் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பூ இல்லை.

அந்தப் படத்தில் மந்தைக்கும் முன்னால், கறுப்பு வெல்வெட் மேலங்கியும் வெள்ளிச் சங்கிலியுமாகக் கையில் கோலோடு வருவது அவர்தான். கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகள் ஊருக்கு இறங்கும் திருவிழாவை வரைவதற்காகவே போன வருஷம் ஜெனீவாவிலிருந்து ஓவியனை வரவழைத்தார். சாப்பாடும் அறையும் ஒயினும் கொடுத்துத் தாங்கினார். அவன் பாலத்தடியில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டு போய், பனிக்காலம் முழுக்க வண்ணம் தீட்டி, வசந்தத்தில் அனுப்பிவைத்தான். பெட்டியைப் பிரித்த அன்று யோஸ்ட் தன் முகத்தைப் பார்த்தே அரை நாளைக் கழித்தார். கொஞ்சம் இளமையாகவே வரைந்திருந்தான். கூலி வாங்குகிறவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

ஆனால் பூ என்பது அந்தப் பள்ளத்தாக்கில் வெறும் அலங்காரம் இல்லை. மலையில் கோடை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால்தான் மாட்டுக்குப் பூ. மேலே யாராவது இறந்துபோயிருந்தால் மாடுகள் மொட்டைத் தலையோடு இறங்கும். கழுத்தில் கட்டிய பெரிய மணிகளுக்குள் காய்ந்த புல்லை அடைத்து நாக்கை அசையவிடாமல் செய்துவிடுவார்கள். பிடில் கிடையாது, ஆட்டம் கிடையாது. பாலத்தில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டால் போதும், பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் வீட்டு ஆளைக் கூட்டத்தில் தேட ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கோடையில் மலையில் இருப்பவன் ஆல்பின். யோஸ்ட்டின் ஒரே மகன்.

மறுநாள் சாயங்காலம் இரண்டாவது பசுவின் பூவும் போயிருந்தது. அதற்கு மறுநாள் அதன் பின்னால் வரும் செவலைப் பசு. பகலில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், வெயில் படத்தின்மேல் பளிச்சென்று விழும், சாப்பிட வருகிறவர்கள் கரண்டியால் சுட்டிக்காட்டி, "இவர்தானா நம்ம யோஸ்ட்? பெண் பார்க்கப் போற மாதிரில்ல வரார்" என்று கேலி செய்வார்கள். வெளிச்சம் மங்கி விளக்கு ஏற்றும் அந்தக் கொஞ்ச நேரத்தில், ஈர மாட்டு வாடை தரைப்பலகைகளுக்கு இடையிலிருந்து கசிவதுபோல் வரும். நிமிர்ந்தால் இன்னொரு தலை மொட்டையாக இருக்கும். யோஸ்ட் வாய்விட்டு எதையும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று மட்டுமில்லை. ஏன் என்று கேட்பார்கள்.

படத்துக்கு நேர் கீழே இருந்த நீள மேசையில்தான் அகாத்தா துணி மடிப்பாள். விடுதியின் விரிப்புகளையும் போர்வைகளையும் துவைக்கிறவள் அவள். புருஷன் இல்லை. வெண்டல் என்று ஒரு மகன் இருந்தான், போன கோடையில் யோஸ்ட்டின் மாடுகளை மேய்த்தவன். மாடு இறங்குவதற்கு முந்தின நாள் ஏதோ கோபத்தில் கணவாய் தாண்டி இத்தாலிக்குப் போய்விட்டான் என்று யோஸ்ட்தான் அவளிடம் சொன்னார்.

"முதலாளி, தபால்காரர் வந்தாரா?" அகாத்தா தினமும் கேட்கும் கேள்வி இது.

"வந்தார். உனக்கு ஒண்ணும் இல்ல."

"எழுதத் தெரியாத புள்ள இல்ல. பாதிரியார்கிட்டயே சபாஷ் வாங்கினவன்."

"வேலை கெடுபிடியா இருக்கும். கடுதாசி வரும், அகாத்தா."

"வரும் வரும். இத்தாலியில கடுதாசிய நத்தை மேல ஏத்தி அனுப்புறாங்க போல." அவள் விரிப்பின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு மடித்தாள். பிறகு படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கீங்க முதலாளி. மாடுங்கதான் பாவம்."

"ஏன் பாவம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவள் மடித்த துணிகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போனாள்.

பாதி மந்தைக்குமேல் மொட்டையானபோது யோஸ்ட்டால் பொறுக்க முடியவில்லை. மகனைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று விடிந்ததும் மலை ஏறினார். மேல் குடிசையை அடையும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆல்பின் வாசலில் உட்கார்ந்து செருப்புக்குத் தோல் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தான். கன்னம் சிவந்து, ஆள் நன்றாகத்தான் இருந்தான். யோஸ்ட்டுக்கு அழுகை வந்தது. இருமி அதை மறைத்தார்.

"என்னப்பா, வேவு பாக்க வந்தீங்களா? பாலாடைக்கட்டி எல்லாம் பரண்ல பத்திரமா இருக்கு. நான் ஒண்ணும் திருடித் திங்கல."

"கிளம்பு. என்கூடக் கீழ வந்துடு."

"எதுக்கு? அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. சொன்னா கேளு."

ஆல்பின் சிரித்தான். "மாட்ட இங்க விட்டுட்டு நான் மட்டும் எறங்கினா ஊர்ல என்ன சொல்வாங்க? யோஸ்ட் மவன் அம்மா மடியத் தேடி ஓடி வந்துட்டான்னு பாட்டே கட்டிடுவானுங்க. இன்னும் கொஞ்ச நாள்தானேப்பா. நீங்க வேற."

இருட்டத் தொடங்கியதும் அவன் பால் வடிகட்டும் மரப்புனலை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். மலையில் இருப்பவன் தினமும் செய்யவேண்டிய காரியம் அது. புனலை வாயில் வைத்து நான்கு பக்கமும் திரும்பி ஜெபத்தை நீட்டி நீட்டிக் கூவவேண்டும். அந்தக் குரல் எட்டும் தூரம் வரை விடியும்வரை ஒரு தீங்கும் அண்டாது. ஆல்பின் கூவினான். சரிவுகளில் மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின. மேலே பனியாறு கடைசி வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அங்கிருந்து அவன் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

"கேக்குதா?" ஆல்பின் புனலை இறக்கினான். "எதிரொலின்னுதான் நெனச்சேன். ஆனா நான் நிறுத்தினாலும் அது மிச்சத்தச் சொல்லி முடிக்குது பாருங்க. யாரா இருந்தாலும் நல்ல குரல்."

அது முடித்தது. கடைசி வார்த்தையை நிதானமாக, ஒரு இழுப்பும் பிசகாமல்.

யோஸ்ட் பாறையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். பள்ளத்தாக்கிலேயே அப்படி ஒரு குரல் ஒருவனுக்குத்தான் இருந்தது.

போன வருஷம் இறக்கத்துக்கு முந்தின நாள் மூடுபனியில் ஒரு கிடாரி வழி தவறிப்போனது. அதைத் தேடிப் போனான் வெண்டல். அவன் திரும்பாததால் யோஸ்ட் தனியாகத் தேடிப் போனார். பனியாற்றின் ஒரு பிளவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "யாரது, முதலாளியா? கால் ஒடஞ்சுடுச்சு முதலாளி. கயிறு கொண்டாங்க." கயிற்றுக்காகத்தான் அவர் குடிசைக்கு ஓடினார், அதில் பொய் இல்லை. குடிசையில் கூலியாட்கள் கிரீடங்களைக் கட்டி முடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். வெல்வெட் மேலங்கி ஆணியில் தொங்கியது. கீழே பாலத்தடியில் ஓவியன் இடம் பார்த்து முக்காலி போட்டாகிவிட்டது. ஆட்களைக் கூப்பிட்டு இழுக்கும்போது அவன் செத்துப்போனால் மாடுகள் மொட்டையாக இறங்கும், படம் இல்லை, ஒன்றும் இல்லை. நாளை ஒரு நாள். நாளை மத்தியானம் எல்லாம் முடிந்ததும் கயிற்றோடு வந்துவிடலாம். இளம் ரத்தம், தாங்குவான். இப்படித்தான் யோஸ்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆட்களிடம் வெண்டல் இத்தாலிக்குப் போய்விட்டான் என்றார்.

அன்று இருட்டும் நேரத்தில், கத்திக் கத்தி ஓய்ந்தவன், பிளவுக்குள்ளிருந்து ஜெபத்தைக் கூவத் தொடங்கினான். புனல் இல்லாமலே அது குடிசை வரை வந்தது. ஆட்கள் தலையை நிமிர்த்தினார்கள். "பெரிய மணியெல்லாம் எடுத்து ஆட்டிப் பாருங்கடா" என்றார் யோஸ்ட். "நாளைக்கு மானம் போயிடக் கூடாது. நல்லா ஆட்டுங்க." அவர்கள் ஆட்டினார்கள். குரல் ஓயும்வரை அவர் நிறுத்தச் சொல்லவில்லை. திருவிழா முடிந்து அவர் கயிற்றோடு போய் நின்றபோது பிளவுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூலியாட்கள் பனிக்காலத்தோடு வேறு ஊர் போய்விட்டார்கள்.

இப்போதும் மகனிடம் அவர் அதைச் சொல்லவில்லை. "பனியாத்துப் பக்கம் மட்டும் போகாத. கன்னுக்குட்டி போனாலும் போகட்டும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். "சரிப்பா, சரிப்பா" என்றான் அவன்.

இறங்கும் வழியெல்லாம் யோஸ்ட் முடிவு செய்துகொண்டே வந்தார். அகாத்தாவிடம் சொல்லிவிடுவது. பாதிரியாரிடம் சொல்லிவிடுவது. ஆட்களோடு ஏறி வெண்டலை வெளியே எடுத்து மண்ணில் வைத்து, இந்த வருஷம் மாடுகளைத் தானே மொட்டைத் தலையோடு இறக்குவது. ஊர் காறித் துப்பட்டும். ஆல்பின் பிழைத்தால் போதும். அந்த நினைப்பு அவரை லேசாக்கியது. பல மாதங்களுக்குப் பிறகு பசிகூட எடுத்தது.

அகாத்தா ஓடைக்கரையில் சாம்பல் நீரில் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். "என்ன முதலாளி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள். கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். நீர் கல்லில் மோதி ஓடியது. பாலத்தின் பக்கமிருந்து வண்டி ஒன்று வந்தது. திருவிழாவுக்கு வரும் பட்டணத்து ஆட்கள் அதிலிருந்து யோஸ்ட்டைப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார்கள். அவர் பழக்கத்தில் தன் தொப்பியையும் தொட்டார். அகாத்தா இன்னும் காத்திருந்தாள்.

"இத்தாலியிலேருந்து ஒரு வியாபாரி வந்தான்" என்றார் யோஸ்ட். "வெண்டலப் பாத்தானாம். நல்லா இருக்கானாம். கொஞ்சம் சதை போட்டிருக்கானாம்."

"சதை போட்டிருக்கானா."

"ஆமா."

அவள் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். "சந்தோஷம் முதலாளி. இந்தத் தடவை திருவிழாவுக்கு நானும் வரேன். போன வருஷம் வரல." குனிந்து மறுபடி அலச ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் யோஸ்ட் கூடத்தில் விளக்கேற்றவில்லை. அரை இருட்டிலேயே தெரிந்தது. படத்தில் ஒரு மாட்டுக்கும் பூ இல்லை. ஒவ்வொரு மணியின் வாயிலிருந்தும் காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருந்தது. மாடுகள் நடந்துகொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தன. எல்லாம் அவரைப் பார்த்தன.

மறுநாளே ஏறப் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டது. பாதை சரிந்து கிடந்தது. இரண்டு முறை பாதி வழியில் திரும்பினார். முழங்கால் வீங்கிப் படுத்தார். திருவிழா நாள் வந்துவிட்டது.

ஊரே பாலத்தருகில் நின்றது. மாலை வெயில். எண்ணெயில் பொரியும் மாவின் மணம். பிடில்காரர்கள் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெல்வெட் மேலங்கியில் யோஸ்ட் கோலோடு முன்னால் நின்றார். மலை வளைவில் சத்தமே இல்லை. குளம்புச் சத்தம் மட்டும் வருமோ என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கடவுளே, மணி கேட்கட்டும். மணி கேட்கட்டும்.

மணி கேட்டது.

பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்தது. வளைவைத் தாண்டி முன்மாடு வந்தது, தலையில் ஊசியிலைக் கிரீடம், சிவப்புப் பூ, நடுவில் கண்ணாடி. பின்னால் ஒவ்வொன்றும் அப்படியே. அத்தனை அழகாக எந்த வருஷமும் மந்தை இறங்கியதில்லை. யோஸ்ட் எல்லோருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார். வெரேனா அவர் தோளைத் தட்டினாள். "பாருங்க, இதுக்குப் போயி உயிர விட்டீங்க."

மாடுகள் கடந்தன. மாடுகளை இறக்குவதற்காக மேலே போயிருந்த கூலியாட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணனும் தம்பியும். அவர்களுக்குப் பின்னால் யாருமில்லை.

"ஆல்பின் எங்க?" என்றார் யோஸ்ட்.

"ஆல்பினா?" மூத்தவன் உர்ஸ் தொப்பியைக் கழற்றினான். "நேத்தே கணவாய் தாண்டி இத்தாலி போயிட்டானே முதலாளி. ஏதோ கோவம் போல."

"யாரு சொன்னது?"

"பூ கட்ட நீங்க அனுப்பின ஆளுதான். எங்ககூட உக்காந்து அத்தனை மாட்டுக்கும் அவனே கட்டினான். என்னா கை வேகம். கைதான் ஐஸா இருந்துச்சு." உர்ஸ் திரும்பிப் பார்த்தான். "கூடத்தான் வந்தான். வளைவு வரைக்கும் பாத்தேன். காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்."

வெரேனா எதையோ கேட்டாள். யோஸ்ட்டுக்கு அது கேட்கவில்லை. வேறொன்று கேட்டது. மணிச் சத்தத்துக்கு அடியில். தூரத்தில். மெல்லிய நூலாக.

*அப்பா. கயிறு.*

"நிறுத்துங்க." அவர் கத்தினார். "மணிய நிறுத்துங்க. புல்லு அடைங்க."

யாரும் நிறுத்தவில்லை. பிடில் தொடங்கிவிட்டது. விடுதி முன்னால் மந்தை வட்டமாக நின்று தலையை ஆட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி. அவர் ஓடி ஒரு மணிக்குள் கையை விட்டு நாக்கைப் பிடித்தார். அடுத்தது அடித்தது. அதைப் பிடித்தார். இது அடித்தது. நடுவில் ஒரு கணம் குரல் வந்தது. வலப்பக்கமா, இடப்பக்கமா. எந்தப் பிளவு. தெரியவில்லை.

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. படத்தில் எல்லாப் பூவும் திரும்ப வந்திருந்தது. அவர் முன்னால் நடந்து வந்தார், இளமையாக, சிரித்தபடி. அவருக்குப் பின்னால், உயரத்தில், ஓவியன் வெறும் வெள்ளையாக விட்ட பனியாற்றில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். இரண்டுக்கும் கை இருந்தது. ஒரு கை அசைந்தது.

முன்மாட்டின் பக்கத்தில் அகாத்தா நின்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டியிருந்தாள். மாட்டின் கழுத்திலிருந்து பெரிய மணியை அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அகாத்தா, அத வை. என் புள்ள கூப்பிடுறான். எங்கேருந்துன்னு கேக்கணும்."

"எந்தப் புள்ள முதலாளி? இத்தாலி போன புள்ளையா?"

"உன் கால்ல விழறேன்."

"அந்தப் படத்த நீங்க மாட்டின அன்னைக்கே என் கண்ணுக்கு எந்த மாட்டுக்கும் பூ இல்ல." அவள் குரல் உயரவில்லை. "எனக்குப் புரிஞ்சுபோச்சு. தினம் தினம் கேட்டேன்ல? ஒரு தடவையாவது சொல்லியிருந்தா அவன எடுத்து மண்ணுல வச்சிருப்பேன். அவனும் நிம்மதியாப் போயிருப்பான். நீங்க சதை போட்டிருக்கான்னீங்க."

வெயில் இறங்கிவிட்டது. மலையிலிருந்து குரல் மாறி வந்தது. இப்போது அது கூப்பிடவில்லை. ஜெபத்தை நீட்டி நீட்டிக் கூவியது. ஆல்பினின் குரல், உடைந்து, மூச்சு வாங்கி. அதைத் தாங்கிப் பிடித்தபடி இன்னொரு குரல். நிதானமாக. நல்ல குரல்.

அகாத்தா அதைக் கேட்டாள். அவள் முகம் ஒரு கணம் தாயின் முகமாக மாறியது. பிறகு மணியை இடுப்போடு அணைத்து, உடம்பு முழுக்க ஆட, அடிக்கத் தொடங்கினாள். மாடுகளும் தலையை ஆட்டின. ஊர் கைதட்டியது.

யோஸ்ட் அவள் காலடியில் மண்டியிட்டு காதை மலைப் பக்கம் திருப்பினார். மணிச் சத்தம்தான் கேட்டது. அவள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, நன்றாக இருட்டிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள்.